யார் வீட்டுச் சோறு? - பெங்களூர் மாணவர் விடுதிகளின் கதை

பெரியவன் கல்லூரி விடுதிக்குப் போகிறான். கல்லூரியிலிருந்து வந்த காகிதங்களில் ஃபீஸைவிட அதிக நேரம் எங்களைக் குழப்பியது சாப்பாட்டுத் திட்டம்தான். வாரத்துக்கு 10 வேளையா, 14 வேளையா, கணக்கே இல்லாத திட்டமா? அட்டையைத் தேய்த்தால் ஒரு வேளை கழியும். அந்த வாரம் சாப்பிடாத வேளைகள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியோடு காலாவதி.

"சாப்பிடலேன்னா காசு திரும்ப வராதாப்பா?"

"வராது."

"பெங்களூர்ல உங்க ஹாஸ்டல்ல?"

"வரும்டா. மெஸ் கட் போடணும்."

மெஸ் கட் என்றால் என்ன என்று விளக்கப் போய், அது டிவைடிங் சிஸ்டத்தில் போய் நின்று, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று எனக்கே யோசனை ஓட ஆரம்பித்துவிட்டது. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் நேரத்தில் இருக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹாஸ்டல் என்ற ஒன்று வருவதற்கு முன்னால், ஊர்விட்டு ஊர் வந்து படித்த பையன் எங்கே சாப்பிட்டான்? பழைய மைசூர் சமஸ்தானத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. கன்னடத்தில் வாரான்ன என்பார்கள். நம் பக்கத்தில் வாரச் சாப்பாடு. ஏழைப் பையன் ஏழு வீடுகளைப் பிடிக்க வேண்டும். திங்கட்கிழமை வக்கீல் வீடு, செவ்வாய் அமல்தார் வீடு, புதன் கோயில் அர்ச்சகர் வீடு என்று கிழமைக்கு ஒரு வீடு. ஐந்து வீடுதான் கிடைத்தது என்றால் வாரத்தில் இரண்டு நாள் பட்டினி, அல்லது கோயில் பிரசாதம். அந்த வீட்டில் தீட்டு, ஊருக்குப் பயணம், மாமிக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அன்றைக்குப் பட்டினிதான். வீட்டுக்காரர் கோயில், கச்சேரி என்று சுற்றிவிட்டு வரும்வரை திண்ணையில் காத்திருக்க வேண்டும். சோறு போட்டவர்களில் பலர் தங்கமான மனிதர்கள். அந்த அன்னத்தால் படித்து முன்னுக்கு வந்தவர்கள் கன்னட இலக்கியத்திலும் அரசாங்க உத்தியோகத்திலும் ஏராளம். ஆனாலும் இன்னொருத்தர் வீட்டு வாசலில் நின்று "இன்னிக்கு என் வாரம்" என்று நினைவூட்டும் பன்னிரண்டு வயதுப் பையனின் முகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கொஞ்சம் வசதியான வழி, யார் வீட்டுப் பிள்ளைகளுக்காவது பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைப்பது. சென்ட்ரல் காலேஜில் படித்து 1881-ல் பி.ஏ. முடித்த விஸ்வேஸ்வரய்யா அப்படித்தான் காலத்தை ஓட்டினார். (அணை கட்டியவருக்கு ஆரம்பம் டியூஷன் வாத்தியார் வேலை.)

இதில் முக்கியமான விஷயம், வாரான்ன பெரும்பாலும் பிராமண வீட்டில் பிராமணப் பையனுக்குக் கிடைத்த ஏற்பாடு. ராகி விளைவிக்கிற குடியானவன் மகனுக்கு, நெசவாளி மகனுக்கு, அதற்கும் கீழே தள்ளி வைக்கப்பட்டவனுக்கு அந்தத் தெருவில் ஏழு வீடு எங்கே கிடைக்கும்? கையில் காசு இருந்தாலும் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றில்லை. அந்தக் காலத்து சாப்பாட்டுக் கடைகளில் யார் எங்கே உட்காரலாம் என்பதற்கு சாதிக் கணக்கு இருந்தது. நாம் ஊருக்குப் போனால் வரிசையில் நின்று சாப்பிடுகிற எம்.டி.ஆருக்கு 1924-ல் தொடங்கும்போது என்ன பெயர் தெரியுமோ? பிராமின் காபி கிளப்.

ஆக, காலேஜில் இடம் கிடைப்பது ஒரு பிரச்சினை என்றால், ராத்திரி சாப்பாடு அதைவிடப் பெரிய பிரச்சினை. படிப்பு உரிமையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஃபீஸைப் பற்றி எழுதுகிற அளவுக்கு அடுப்பைப் பற்றி எழுதுவதில்லை என்பது என் பல நாள் குறை.

இந்த இடைவெளியில்தான் சமூக விடுதிகள் வந்தன. பெங்களூர் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களுக்கு குப்பி தோட்டதப்பா சத்திரத்தைத் தெரியாமல் இருக்காது. வியாபாரத்தில் சம்பாதித்த தோட்டதப்பா 1897-ல் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இடம் வாங்கி, பயணிகளுக்குச் சத்திரமும் வீரசைவ மாணவர்களுக்கு இலவச விடுதியும் ஏற்படுத்தினார். 1906-ல் ஒக்கலிகர் சங்கம் தொடங்கியது. கிராமத்திலிருந்து வரும் தங்கள் பையன்களுக்கு நகரத்தில் தங்க இடமும் சாப்பாடும் தருவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. பிறகு ஒவ்வொரு சமூகமாக இதே வழியில் வந்தார்கள். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918-ல் நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு போட்டு, அரசு வேலைகளில் பிராமணரல்லாதார் ஏன் குறைவாக இருக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டார். அந்தக் குழுவின் முன் நின்று பேசும் அளவுக்குப் படித்த ஒரு தலைமுறை உருவானதில் இந்த விடுதிச் சமையலறைகளுக்கு நிச்சயம் பங்கு உண்டு.

இது மைசூருக்கு மட்டும் உரிய கதை இல்லை. கோலாப்பூரில் சாகு மகாராஜா 1901 முதல் சாதிக்கு ஒரு விடுதியாகத் திறக்க ஆரம்பித்தார். நம் சென்னையில் 1916-ல் டாக்டர் நடேச முதலியார் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' நடத்தினார். பட்டணத்தில் தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைக்காத பிராமணரல்லாத மாணவர்களுக்காக. அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். அதே 1916 நவம்பரில்தான் நீதிக்கட்சி பிறந்தது, நடேச முதலியார் அதன் நிறுவனர்களில் ஒருவர். இரண்டையும் தனித்தனியாகப் படிப்பவர்கள் ஒரு நல்ல கதையைத் தவற விடுகிறார்கள்.

சாதிக்கு ஒரு விடுதி என்பது இன்றைக்குக் கேட்க சங்கடமாகத்தான் இருக்கிறது. பையன் இப்போது தனி வீட்டுக்காரருக்குக் கடன்பட்டவன் இல்லை, சாதிக்குக் கடன்பட்டவன். படித்து முடித்து உத்தியோகத்துக்குப் போனதும் சங்கத்துக்கு நன்கொடை, சங்கம் சொல்லும் ஆளுக்கு ஓட்டு என்று அது தொடரும். கர்நாடக அரசியலில் இந்தச் சங்கங்களுக்கும் மடங்களுக்கும் இருக்கிற பலத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது. ஆனால் அந்த விடுதி இல்லாவிட்டால் அந்தப் பையன் படித்தே இருக்க மாட்டான். இரண்டுமே உண்மை.

வேலியைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். பெங்களூரிலிருந்து 70 கிலோமீட்டரில் தும்கூர் சித்தகங்கா மடம். சென்ட்ரல் காலேஜில் 1927-ல் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் 1930-ல் அங்கே சந்நியாசம் வாங்கினார். அவர்தான் சிவகுமார சுவாமிகள். 2019-ல் தன் 111-வது வயதில் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் அங்கே இலவசமாகத் தங்கிப் படித்தார்கள், எல்லா சாதியும், எல்லா மதமும். ராகிக் களியும் சாம்பாரும் ஒரே வரிசையில்.

இன்னொருவர் ஹெச். நரசிம்மையா. பெங்களூர்க்காரர்களுக்கு ஹெச்.என். கௌரிபிதனூர் பக்கத்து ஹொசூர் என்ற கிராமத்து ஏழைப் பையன். 1935-ல் மேலே படிப்பதற்காக நடந்தே பெங்களூர் வந்து, பசவனகுடி நேஷனல் ஹைஸ்கூலில் சேர்ந்தார். தங்கியதும் சாப்பிட்டதும் பூர் பாய்ஸ் ஹோமில். அந்த மாதிரி ஓர் இடம் இல்லாவிட்டால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். எம்.எஸ்ஸி. முடித்து 1946-ல் நேஷனல் காலேஜில் பௌதிக ஆசிரியரானார். அமெரிக்கா வந்து ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1960-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கேயே தங்கியிருந்தால் நம்மைப் போல ஒரு வீடு, இரண்டு கார் என்று செட்டிலாகியிருக்கலாம். மனுஷர் திரும்பிப் போய் நேஷனல் காலேஜ் விடுதியில் ஒரு அறையில் குடியேறினார். பெங்களூர்ப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரான பிறகும் சரி, பத்மபூஷண் வாங்கிய பிறகும் சரி, 2005-ல் காலமாகும்வரை விடுதிவாசிதான். கல்யாணம் கிடையாது. மாணவர்களுக்கு நடுவில் மாணவர் சாப்பாடு.

சரி, வேறு வேறு விடுதியில் சாப்பிட்டவர்களை ஒரே கூடத்தில் உட்கார வைத்தால்? அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. இதற்கு நம் ஊர் உதாரணத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1922-ல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய குருகுலம், சேரன்மாதேவியில் நடந்தது. தேசியக் கல்வி, தமிழ், உடற்பயிற்சி, கைத்தொழில் என்று அருமையான திட்டம். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணப் பையன்கள் தனியாகச் சாப்பிட்டார்கள், அவர்கள் பெற்றோர் அப்படிக் கேட்டிருந்தார்கள். இரண்டே இரண்டு பையன்கள்! வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப்பந்தி எப்படி என்று கேட்டார்கள். காந்தி வரை போனது. இருக்கிற இருவர் தொடரட்டும், இனி அப்படி யாரையும் சேர்க்க வேண்டாம் என்ற சமரசம் யாரையும் திருப்திப்படுத்தவில்லை. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார். அதே வருஷம் நவம்பரில் பெரியார் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறினார். அந்தப் பிரிவுக்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டு அரசியலின் பாதை ஒரு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் வழியாகப் போனது என்பதில் சந்தேகமில்லை.

இப்போது டிவைடிங் மெஸ்ஸுக்கு வருகிறேன். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஹாஸ்டலில் படித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு விளக்க உதவும். மாதம் முழுக்க ஆன செலவை - அரிசி, பருப்பு, காய்கறி, பால், கேஸ், சமையல்காரர் சம்பளம் - கூட்ட வேண்டும். மாணவர்கள் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுக்க வேண்டும். வருவது ஒரு நாள் ரேட். நீ எத்தனை நாள் சாப்பிட்டாயோ அதால் பெருக்கினால் உன் பில். லாபம் கிடையாது. கணக்கைப் பார்ப்பது மாணவர்களே தேர்ந்தெடுத்த மெஸ் செக்ரட்டரி. ஸ்டோரில் இருப்பு பார்ப்பது, விடிகாலையில் சிட்டி மார்க்கெட்டுக்குப் போய் மூட்டைக் கணக்கில் வெங்காயம் வாங்கி வருவது எல்லாம் அவன் தலையில்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 200 பேர் இருக்கிற மெஸ்ஸில் ஒரு நாளைக்கு ஆளுக்கு 50 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 35 மளிகை, 15 சம்பளம் முதலான நிலையான செலவு. தசராவுக்கு 80 பேர் பத்து நாள் மெஸ் கட் போட்டு ஊருக்குப் போனால் மளிகை குறையும், சம்பளம் குறையாது. மொத்த நாட்கள் 6,000-லிருந்து 5,200 ஆகும், ரேட் 52 ரூபாய் 30 பைசா ஆகிவிடும். ஊருக்குப் போனவன் மிச்சம் பிடித்த பணத்தில் கொஞ்சம், போகாதவன் பாக்கெட்டிலிருந்து வருகிறது. எங்கள் விடுதியில் ஊருக்குப் போகாதவர்கள் யார்? டிக்கெட் வாங்கக் காசில்லாதவர்களும் வெகுதூரத்திலிருந்து வந்தவர்களும்தான். இதை வைத்துப் பொதுக்குழுவில் நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு நாளுக்கெல்லாம் கட் கிடையாது, தொடர்ந்து இத்தனை நாள் போனால்தான் என்ற விதி வந்ததே இதனால்தான். நான் கற்ற ஜனநாயகம் பாதி அங்கே கற்றது. (மீதி பாதி, வாரத்தில் எத்தனை நாள் சப்பாத்தி என்ற ஓட்டெடுப்பில்.)

மெஸ் சண்டை நம் ஊர் வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். ஹார்வர்டில் 1766-லேயே கெட்டுப்போன வெண்ணெய்க்காக மாணவர்கள் கிளம்பிவிட்டார்கள். முன்னால் நின்ற ஆசா டன்பார், எழுத்தாளர் தோரோவின் தாத்தா.

டிவைடிங்கில் பையன் யாருக்கும் கடன்பட்டவன் இல்லை, பக்கத்து இலைக்காரனைத் தவிர. வீட்டுக்கார மாமா இல்லை, சங்கத் தலைவர் இல்லை. எங்கள் கூடத்தில் பெல்லாரிக்காரனும் தஞ்சாவூர்க்காரனும் கொல்லத்துக்காரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். முட்டை வேண்டியவன் கூப்பன் கொடுத்து எக்ஸ்ட்ரா வாங்கிக்கொள்வான், வேண்டாதவன் அதே பெஞ்சில் தயிர் சாதம் சாப்பிடுவான்.

இப்போது பல இடங்களில் காண்டிராக்ட் கேட்டரிங் வந்துவிட்டது. அதோடு பழைய விஷயமும் எட்டிப் பார்க்கிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. மெஸ் ஒன்றில் சைவத்துக்கு ஒரு வாசல், அசைவத்துக்கு ஒரு வாசல், கை கழுவவும் தனித்தனி இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். 2023-ல் மும்பை ஐ.ஐ.டி. விடுதி மெஸ்ஸில் ஆறு மேஜைகளைச் சைவத்துக்கென்று ஒதுக்கினார்கள். அதை எதிர்த்து அந்த மேஜையில் அசைவம் சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். சேரன்மாதேவிக்குக் காங்கிரஸ் பாக்கி வைத்தது 5,000.

நான் சைவம்தான். எனக்கு யாரும் மேஜை ஒதுக்க வேண்டியிருந்ததில்லை.

டிவைடிங் மெஸ்ஸைப் பற்றி இவ்வளவு பெருமையாக எழுதிவிட்டு ஒன்றை விட்டுவிடக் கூடாது. வகுத்தலில் மேலே இருந்த அந்தச் சம்பளக் கணக்கில் எங்கள் விடுதியில் பதினோரு பேர் இருந்தார்கள். பெரும்பாலும் உடுப்பிப் பக்கத்துக்காரர்கள், இரண்டு பேர் பாலக்காடு. காலை நாலரைக்கு அடுப்பு. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் தேய்த்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவர்கள் சாப்பிடுவார்கள். பொதுக்குழுவில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. மே மாதம் விடுதி மூடினால் வகுக்க ஆளில்லை, அதனால் சம்பளமும் இல்லை. இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டு, ஜூலையில் பெட்டியோடு திரும்பி வருவார்கள்.