ஒரு சீட்டும் இரு கரைகளும்

யாழ்ப்பாணத்திற்கும் தமிழகத்திற்குமிடையிலான போக்குவரத்து இருப்புப்பாதையோடு தொடங்கியதன்று. ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை ஆகிய துறைகளிலிருந்து பாய்க்கப்பல்களும் தோணிகளும் நாகபட்டினம், வேதாரணியம் முதலிய கரைகளுக்கு நெடுங்காலமாகச் சென்று வந்தன. எனினும், காற்றை எதிர்பாராது, புறப்படும் நாளையும் சேரும் நாளையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் பயணம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இயல்வதாயிற்று. அது தோன்றி மறைந்த வரலாற்றை நோக்குமிடத்து, இரு கரைகளையும் பிரித்தது கடலா, கடதாசியா என்னும் வினா எழுகின்றது.

குடாநாட்டில் 1902இல் ஓடத் தொடங்கிய புகையிரதம் 1905இல் கொழும்போடு இணைக்கப்பட்டது. 1914இல் தலைமன்னார்ப் பாதையும் பாம்பன் பாலமும் பயன்பாட்டிற்கு வரவே, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே ஏறக்குறைய 22 மைல் கடலைக் கப்பல் இணைத்தது. இலங்கைப் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். தனுஷ்கோடிப் பாதையோ மீற்றர் அகலத்தது. ஆகவே ஒரு நாட்டு வண்டி மறுநாட்டுப் பாதையில் ஓடுதல் இயலாது. ஆயினும், கொழும்புக் கோட்டையிலிருந்து சென்னை எழும்பூர் வரை ஒரே சீட்டுப் போதுமானதாயிருந்தது. இரு புகையிரதப் பகுதியினரும் நேர அட்டவணைகளை ஒன்றோடொன்று பொருத்தி, கப்பல் அணையும் துறை வரை வண்டியைக் கொணர்ந்து நிறுத்தினர்.

யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வழி சுற்றுவழியே. வடக்கேயுள்ள சென்னையை அடைய, அவர் முதலில் தெற்கே மதவாச்சி வரை சென்று, அங்கு வண்டி மாறி, வடமேற்கே தலைமன்னாருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. எனினும் உயர்கல்வி நாடிய மாணவரும், வணிகரும், இராமேசுவரம், சிதம்பரம் முதலிய தலங்களுக்குச் சென்ற அடியாரும் இதனை விரும்பியேற்றனர்.

ஆயின் பாதை ஒன்றாயினும் பயணம் எல்லார்க்கும் ஒன்றாயிருக்கவில்லை. தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்ட தொழிலாளர், கொள்ளைநோய் அச்சங் காரணமாக, மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாள் தடுத்து வைக்கப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர்.

சுதந்திரத்தின் பின் நிலைமை மாறியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், குடிவரவு குடியகல்வுச் சட்டமும் நாட்டவர், பிறநாட்டவர் என்னும் பிரிவினைத் திட்டமாக வகுத்தன. வண்டியும் கப்பலும் முன்போலவே ஓடின. ஆனால் சீட்டோடு கடவுச்சீட்டும் விசாவும் வேண்டப்பட்டன. 1964 ஒக்ரோபர் 30இல் கைச்சாத்தான சிறீமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென வகுத்தது. இரண்டு மாதம் நிறையுமுன், டிசெம்பர் 22 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் பின்னர் இராமேசுவரத்திற்குச் சென்றது. இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த பல்லாயிரவர் அவ்வழியே அனுப்பப்பட்டனர். அவர்களை மலைநாட்டிலிருந்து ஏற்றிச் சென்ற வண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என வழங்கினர். அவர்கள் கையிலிருந்தது திரும்பி வருதற்குரிய சீட்டன்று.

இதே காலத்து ஐரோப்பிய வரலாறு ஈண்டு ஒப்புநோக்கற்பாலது. இரு பெரும் போர்களிற் பொருத நாடுகள், 1959இல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ‘யூரெயில்’ சீட்டையும், 1972இல் தம் இளைஞருக்கு ‘இன்ரர்ரெயில்’ சீட்டையும் வழங்கின. ஸ்பெயின் நாட்டுப் பாதையின் அகலம் பிரான்சினதினும் வேறாயினும், அவ்வேறுபாடு தடையாகக் கருதப்படவில்லை. அங்கு பல நாடுகள் ஒரு சீட்டுள் அடங்கிய காலத்திலேயே, இங்கு ஏற்கெனவே இருந்த ஒரு சீட்டுப் பயணம் இல்லாதொழிந்தது. 1980களில் போர்ச்சூழலில் கப்பல் நின்றது. 1990இல் யாழ்ப்பாணப் புகையிரதமும் நின்றது. முன்னர் தொழிலாளரைத் தடுத்து வைத்த மண்டபம், 1983இன் பின் ஈழத்து அகதிகளின் முகாமாயிற்று.

யாழ்ப்பாணத்திற்குப் புகையிரதம் 2014இலும், தலைமன்னார்த் துறைக்கு 2015இலும் மீண்டும் வந்தன. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்குமிடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பெற்றது. எனினும் ஒரே சீட்டு மீளவில்லை. பாதையின் அகலத்தையும் கடலின் ஆழத்தையும் பொறியியல் 1914இலேயே வென்றுவிட்டது. பயணியை இந்நாட்டவன், பிறநாட்டவன் எனப் பிரித்த கடதாசியே கடக்க அரிதாயிற்று என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.