போய்வருதல்: அனுபவமுள்ள விஞ்ஞானிகளுக்கான பன்னாட்டு ஆய்வு நல்கைகளும் யாழ்ப்பாணக் குடாநாடும்

கலாநிதிப் பட்டம் பெற்று, சொந்தமாக ஆய்வு நடத்திப் பழகிய ஒருவர் வேறொரு நாட்டின் ஆய்வுகூடத்தில் சில மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் வரை தங்கி வேலை செய்யக் கொடுக்கப்படும் உதவியே அனுபவமுள்ள விஞ்ஞானிகளுக்கான பன்னாட்டு ஆய்வு நல்கை. மாணவருக்குரிய புலமைப்பரிசிலும் இதுவும் ஒன்றல்ல. மாணவர் வெளிநாடு போனால் வகுப்பில் ஒரு கதிரை வெறுமையாகும்; அடுத்த ஆண்டு வேறொருவர் வந்து அதில் இருப்பார். மூத்த ஆய்வாளர் போகும்போது ஒரு பாடநெறி நின்றுவிடுகிறது, நாலைந்து மாணவரின் ஆய்வேடுகள் அரைவழியில் நிற்கின்றன, அவர் கைபட்டு ஓடிய கருவி துணி போர்த்தியபடி கிடக்கிறது. பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இந்த வெற்றிடத்தை நிரப்ப அதே துறையில் இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பல துறைகளில் ஒரு பாடத்துக்கு ஒருவர்தான். ஆகவே இந்த நல்கைகளை யாழ்ப்பாணத்திலிருந்து அளக்கும்போது, எத்தனை பேர் தெரிவானார்கள், எந்தப் புகழ்பெற்ற கூடத்துக்குப் போனார்கள் என்ற கணக்கு போதாது. போனவர் விட்டுச்சென்ற மேசைக்கு என்ன நடந்தது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், ஒரே நீண்ட பயணத்துக்குக் கொடுக்கும் நல்கையைவிட, பல குறுகிய பயணங்களாகப் பிரித்துக் கொடுத்து, திரும்பி வந்த பின்னும் கைவிடாத நல்கையே இந்த மண்ணுக்கு உதவுவது என்பது தெளிவாகும்.

அறிவைத் தேடிக் கடல் கடப்பது குடாநாட்டுக்குப் புதிதல்ல. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து உருவானவர்கள். ஆனால் அக்காலத்தில், போனவர் திரும்பி வந்து உட்கார உள்ளூரில் ஆய்வு நிறுவனம் என்று எதுவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நிலை அதுதான். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி மாணவரான கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிரிட்ஜில் பவுல் டிராக்கின் கீழ் ஆய்வு செய்து இலத்திரன் பற்றிய கோட்பாட்டில் பெயர் பெற்றார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் 1968இல் மெல்பேர்ணின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்று, 2001இல் ஆஸ்திரேலியாவிலேயே காலமானார். அவர் போனதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் டிராக்கின் மாணவர் ஒருவரிடம் நேரே படிக்கும் வாய்ப்பு மெல்பேர்ண் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, அவர் படித்த வடமராட்சியின் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதே ஹாட்லியிலிருந்து கேம்பிரிட்ஜ் போன இன்னொருவரின் பாதை வேறு. அழகையா துரைராஜா மண் பொறிமுறையில் ஆய்வு செய்தவர். களிமண் அமுக்கத்துக்கு உள்ளாகும்போது எப்படி நெகிழ்ந்து உருமாறுகிறது என்பது பற்றி ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இன்று உலகெங்கும் குடிசார் பொறியியல் மாணவர் படிக்கும் 'கேம் களி' மாதிரியின் அடிக்கற்களில் ஒன்று. துரைராஜா திரும்பி வந்தார். பேராதனையில் பொறியியற் பீடாதிபதியானார். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1994வரை அப்பொறுப்பில் இருந்தார்; அதே ஆண்டில் காலமானார். எரிபொருள் இல்லாத அந்தக் காலத்தில் சைக்கிளில் போய்வந்த துணைவேந்தராகவே ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கியது அவர் காலத்தில். போர் முடிந்தபின் அதே கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடமும் எழுந்தது. கேம்பிரிட்ஜில் அவர் கற்றது ஒரு கட்டுரையோடு முடிந்துபோகாமல் நிறுவனமாக வளர்ந்ததற்கு, அவர் திரும்பியது மட்டும் காரணமல்ல. திரும்பி வந்து உட்கார ஓர் இடம் இருந்ததும் காரணம். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே அந்த இடம்.

இங்கே முதல் மறுப்பு எழும். திரும்புவது நல்கையின் விதிகளாலா தீர்மானிக்கப்படுகிறது? போர் அல்லவா அதைத் தீர்மானித்தது? நியாயமான கேள்வி. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் ராஜினி திராணகம, பொதுநலவாயப் புலமைப்பரிசில் பெற்று 1983இல் லிவர்பூல் போய், கை கால் நாளங்களின் உடற்கூற்றியலில் ஆய்வு செய்து, போர் நடந்துகொண்டிருக்கும்போதே யாழ்ப்பாணம் திரும்பினார். உடற்கூற்றியல் துறைத்தலைவராக இருந்தவர் 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. திரும்பி வா என்று ஒருவரைக் கேட்பது எவ்வளவு பாரமான கேள்வி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திரும்பும்படி எந்த நல்கை விதியும் ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆபத்திலுள்ள ஆய்வாளரைக் காப்பதற்கென 1933இல் பிரித்தானியாவில் உருவான அமைப்பின் வழிவந்தவையும், 2002இல் அமெரிக்காவில் தொடங்கிய அறிஞர் மீட்பு நிதியும் வேறு கணக்கில் வருபவை. அவற்றைத் திரும்புதலால் அளக்க முடியாது. ஆனால் துவக்குகள் ஓய்ந்த 2009க்குப் பிறகும் ஆய்வாளர் வெளியேறுவது நிற்கவில்லை. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது ரூபாவரை ஏறியபோது, விரிவுரையாளரின் சம்பளம் டொலர்க் கணக்கில் சில மாதங்களில் அரைவாசியளவுக்குச் சுருங்கியது. போரை மட்டும் காரணம் காட்டி இந்தப் பேச்சை முடித்துவிட முடியாது.

போவதா திரும்புவதா என்ற இந்தச் சிக்கலைத் தம் வாழ்க்கையிலேயே கண்டு வழி சொன்னவர் பாகிஸ்தானியரான அப்துஸ் சலாம். கேம்பிரிட்ஜிலிருந்து 1951இல் லாகூருக்குத் திரும்பியவர், பேசவும் விவாதிக்கவும் துறைசார்ந்த ஒருவர்கூட அருகில் இல்லாமல் 1954இல் மீண்டும் இங்கிலாந்து போனார். பௌதிகவியலா நாடா என்று ஒன்றைத் தெரிவுசெய்யும் நிலை இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதற்காகவே 1964இல் இத்தாலியின் திரியெஸ்த் நகரில் கோட்பாட்டுப் பௌதிகவியலுக்கான பன்னாட்டு நிலையத்தை அவர் நிறுவினார். அதன் இணை ஆய்வாளர் திட்டத்தில் வளரும் நாட்டு விஞ்ஞானி ஆறு ஆண்டுகளில் மூன்று தடவை அங்கே போய்த் தங்கலாம். வேலையும் வீடும் சொந்த நாட்டில்தான். யாழ்ப்பாணத்தில் படலையைத் தாண்டும்போது எவரும் 'போறன்' என்று சொல்வதில்லை, 'போட்டு வாறன்' என்றே சொல்வார்கள். சலாம் வகுத்த திட்டத்தின் உள்ளே இருப்பதும் அந்தச் சொல்தான்.

மற்றத் திட்டங்களை இந்த அளவுகோலில் வைத்தால் வேறுபாடுகள் துலக்கமாகத் தெரியும். ஜெர்மனியின் அலெக்சாண்டர் ஃபொன் ஹம்போல்ட் நிறுவனம் அனுபவமுள்ள ஆய்வாளருக்கு 6 முதல் 18 மாதங்கள்வரை கொடுக்கிறது. அதை மூன்று தங்கல்களாகப் பிரித்துக்கொள்ளவும் இடமுண்டு. வளரும் நாட்டுக்குத் திரும்பிய பழைய நல்கையாளர் 20,000 யூரோ வரை ஆய்வுக் கருவி கேட்டு விண்ணப்பிக்க ஒரு வழியையும் அது வைத்திருந்தது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டம் 1946இல் தொடங்கியது; அதன்வழி போகிறவர் விசா விதிப்படி இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் வாழ்ந்த பின்னரே அங்கே குடியேற முயலலாம். திரும்ப வைப்பது விதி. திரும்பிய பின் என்ன செய்வது என்பதற்கு அதில் பதிலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி நல்கைகளின் வரலாறு இன்னும் கூர்மையானது. 2007 முதல் 2013 வரையான காலத்தில் வளரும் நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த ஆய்வாளருக்கு, நாடு திரும்பி வேலை தொடர ஓராண்டு வரை பணம் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. அடுத்த கட்டத்தில் அது எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஐரோப்பிய ஆய்வாளர் வெளிக்கண்டங்களுக்குப் போகும் உலக நல்கையில், கடைசிப் 12 மாதங்களை ஐரோப்பாவில் கழிக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கான பணமும் அப்படியே இருக்கின்றன. தன் விஞ்ஞானி திரும்பி வர வேண்டும், வரும்போது கையில் ஓராண்டுப் பணம் இருக்க வேண்டும் என்பதை ஐரோப்பா நன்றாக அறிந்திருக்கிறது. அந்த அறிவு தனக்கு மட்டும் பயன்பட்டால் போதும் என்று விட்டதுதான் குறை.

பிரித்துக் கொடுக்கும் நல்கை ஏன் இந்த மண்ணுக்குப் பொருந்துகிறது என்பதைக் கிணற்றடியில் வைத்துப் பார்க்கலாம். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் யூரியாவும், நெருங்கி நிற்கும் வீடுகளின் மலசலகூடக் குழிகளும் அந்த நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு கிணற்று நைத்திரேற்றில் எவ்வளவு உரத்திலிருந்து வந்தது, எவ்வளவு குழியிலிருந்து வந்தது என்று பிரித்தறிய நைதரசன்-15 சமதானியின் அளவு உதவும். மனித, விலங்குக் கழிவில் அது கூடுதலாகவும் செயற்கை உரத்தில் குறைவாகவும் இருக்கும். அதை அளக்கும் திணிவு நிறமாலைமானி ஐரோப்பியக் கூடங்களில் இருக்கிறது. அளக்கப்பட வேண்டிய தண்ணீரோ இங்கே இருக்கிறது, அதுவும் பருவத்துக்குப் பருவம் மாறியபடி. மாரி மழையில் மேலிருந்து கழுவி இறங்குவதை ஒரு தடவை அள்ள வேண்டும். கோடையில் நீர்மட்டம் இறங்கியபின் அதே கிணற்றில் மறுபடி அள்ள வேண்டும். வடிகட்டி, போத்தலில் அடைத்து, குளிரூட்டிப் பாதுகாக்க வேண்டும். பதினெட்டு மாதங்கள் தொடர்ச்சியாக வெளிநாட்டில் இருப்பவருக்கு ஒரு மாரியாவது தவறும். ஆறு மாதமாக மூன்று தடவை போகிறவர் மாரியில் அள்ளியதைக் கோடையில் அளப்பார், அளந்ததில் முளைத்த கேள்வியோடு அடுத்த மாரிக்குக் கிணற்றடிக்கு வருவார். இத்தகைய ஆய்வில் பிரித்துப் போவது வசதிக்காகச் செய்வதல்ல, ஆய்வின் முறையே அதுதான்.

குறுகிய பயணத்தில் ஆழமான வேலை நடக்காது என்பது இரண்டாவது மறுப்பு. சில துறைகளில் இது உண்மை. உயிரணு வளர்ப்பு போன்ற வேலைகளில் ஆறாம் மாதத்தில்தான் கை பழகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் துணையின் வேலையையும் மூன்று தடவை குலைப்பது ஒரு தடவை குலைப்பதைவிடக் கடினம். ஆகவே எல்லோருக்கும் ஒரே அச்சு வேண்டாம். ஆனால் இந்த மறுப்பு, ஆழம் வெளிநாட்டில் மட்டுமே கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு பேசுகிறது. யாழ்ப்பாணப் பௌதிகவியற் துறை அந்த எண்ணத்தை மறுக்கிறது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பல்பகுதியமும் உலோக ஒட்சைட்டும் கலந்த சூரியக் கலங்களில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்த புண்ணியமூர்த்தி ரவிராஜன், திரும்பி வந்து அதே துறையில் தூய சக்திக்கான ஆய்வுகூடத்தை வளர்த்தெடுத்தார். நோர்வேயின் மேற்கு நோர்வே பிரயோக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உள்ள ஈழத் தமிழரான தயாளன் வேலாயுதபிள்ளையோடு சேர்ந்த கூட்டுத் திட்டம் பேராதனையையும் இணைத்துக்கொண்டு, மாணவரும் ஆசிரியரும் இருபக்கமும் போய்வரும் வழியைத் திறந்தது. போர்க்காலத்தில் மருந்துச் சாலைக்குக்கூட ஜெனரேற்றர் தேடிய ஊரில், பற்றரியும் உரமும் சீமெந்தும் தடைசெய்யப்பட்டிருந்த ஊரில், சூரிய ஒளியை மின்னாக்கும் மெல்லிய படலத்தை இன்று மாணவர் தம் கையால் பூசி அளக்கிறார்கள்.

மூன்றாவது மறுப்பு புலம்பெயர்ந்தோர் பற்றியது: போனவர் அங்கிருந்தே ஊருக்கு உதவலாமே? நோர்வே எடுத்துக்காட்டே அதற்குச் சான்று அல்லவா? சான்றுதான், ஆனால் பாதிக்கு. நோர்வேயில் ஒருவர் இருந்ததால் பாலம் கட்ட முடிந்தது. திருநெல்வேலியில் ஒருவர் இல்லாவிட்டால் பாலத்தின் மறுகால் எங்கே ஊன்றும்? பணமும் தொடர்பும் அனுப்பலாம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆய்வுகூடத்தைத் திறந்து, மாணவர் எழுதியதைத் திருத்தி, பழுதான பம்பியைக் கழற்றிப் பார்ப்பவரை அனுப்ப முடியாது.

வெளியார் விதிகளைப்போலவே உள்ளூர் விதிகளும் பேசப்பட வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழக ஆசிரியருக்கு ஏழு ஆண்டுச் சேவைக்குப் பின் சம்பளத்துடன் ஓராண்டு ஓய்வாண்டு விடுமுறை கிடைக்கும். இந்நாட்டில் மூத்த ஆய்வாளர் நல்கையை ஏற்க வழிவிடும் முக்கிய வாசல் அது. ஆனால் அவர் அந்த வாசலுக்கு வரும்போது பல நல்கைகளின் வாசல் மூடியிருக்கக்கூடும். ஹம்போல்ட் கலாநிதிப் பட்டத்துக்குப் பின் 12 ஆண்டுகளை எண்ணுகிறது. மரி கியூரி 2021 முதல் பட்டத்துக்குப் பின்னான 8 ஆண்டு ஆய்வு அனுபவத்தை எல்லையாக வைத்திருக்கிறது. பிள்ளைப்பேறு, நோய் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 1995 ஒக்ரோபரில் போரினால் வலிகாமம் முழுதும் ஒரே இரவில் வெளியேறியதற்கும், 2006இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்டதற்கும், அந்த ஆண்டுகளில் ஒரு துறையையே இரண்டு மூன்று பேர் சுமந்து கற்பித்ததற்கும் விலக்குக் கேட்கப் பெரும்பாலும் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

நல்கையின் பணம் வழக்கமாக இரண்டு இடங்களுக்குப் போகிறது: போகிற விஞ்ஞானிக்கு ஒரு பங்கு, அவரை ஏற்கும் கூடத்துக்கு ஒரு பங்கு. அனுப்பும் துறைக்குப் பங்கில்லை. ஐரோப்பாவில் ஒரு மாதத்துக்குக் கொடுக்கும் உதவித்தொகையின் சிறு பகுதி போதும், திருநெல்வேலியில் அந்த மாதம் முழுதும் ஒரு தற்காலிக விரிவுரையாளரை வைத்து, நின்றுபோகும் பாடத்தை நடத்தவும் துணி போர்த்திய கருவியை ஓட்டவும்.