புதுப்பாளையத்துத் தராசு

1900-ஆம் ஆண்டில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கிப் பெரும்பொருள் ஈட்டியவரும், 1917 முதல் ஈராண்டு அந்நகரசபைக்குத் தலைமை வகித்தவருமான ராஜாஜி என்னும் ராஜகோபாலாச்சாரியார், 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், தம் இளைய மக்கள் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, திருச்செங்கோடு தாலுகாவைச் சேர்ந்த புதுப்பாளையம் என்னும் சிற்றூரில், ரத்தினசபாபதிக் கவுண்டர் வழங்கிய நிலத்தில் எழுந்த கூரைக் குடிசைக்குக் குடிபுகுந்தார். காந்தி ஆசிரமம் என்று பெயர் பெற்ற அவ்விடத்துக்கு, அடுத்த மாதமே காந்தியடிகளும் வந்து சென்றார்.

அந்நாளில் சேலம் ஜில்லாவுக்கு உட்பட்டிருந்த இப்பகுதி மானாவாரிப் பூமி. மேற்கே காவிரி ஓடியும் மேட்டுக்காடுகளுக்கு அதன் நீர் ஏறுவதில்லை. கவலை ஓட்டிக் கிணற்றுநீர் இறைத்தும், வானத்தை நம்பிக் கம்பும் சோளமும் விதைத்தும் ஜீவனம் செய்த குடிகளுக்கு, ஒரு பருவம் மழை பொய்த்தால் மறுபருவம் வரையில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் பெயர் சொல்லவும் அஞ்சிய 1876–78-ஆம் ஆண்டுகளின் கொடுமையை மிக அதிகமாக அனுபவித்த ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய பத்தொன்பதரை லட்சமாக இருந்த அதன் ஜனத்தொகை, 1881-இல் பதினாறு லட்சமாகச் சுருங்கிவிட்டது.

இத்தகைய நாட்டிலே ஆசிரமத்தார் செய்த பணி என்ன என்று கேட்டால், ராட்டையும் பஞ்சும் கொடுத்து நூல் வாங்கினார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் அடங்கிய காருண்யத்தைக் காண விரும்புவோர் தராசின் அருகே சற்று நிற்கவேண்டும். விடியற்காலையில் கூழைக் குடித்துவிட்டுக் கைக்குழந்தையை இடுப்பிலே இடுக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் நடந்து வரும் பெண், முந்தானையில் முடிந்துவைத்த நூற்சிட்டங்களை அவிழ்த்துத் தட்டில் வைப்பாள். எடையும் நயமும் பார்த்துக் கூலியைக் கணக்கிட்டு அவள் கையிலே கொடுத்து, அடுத்த தவணைக்குரிய பஞ்சையும் நிறுத்துத் தருவார்கள். கிடைத்தவை சில அணாக்களே. எனினும், அவற்றைப் பிச்சையாக அன்றி உழைப்பின் பயனாகப் பெற்றாள் என்பதும், மழை வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த தவணைக்குப் பஞ்சு உண்டு என்ற நிச்சயத்தோடு வீடு திரும்பினாள் என்பதும் அற்பமானவை அல்ல. நம்பிக்கை என்பது சொற்பொழிவால் ஊட்டப்படுவதன்று. இப்படித் தவணை தவறாமல் நடக்கும் சிறு காரியங்களாலேயே அது ஊறுகிறது என்பது என் துணிபு.

சமாதானமும் அவ்வாறே அங்குச் சிறுகச் சிறுக வளர்ந்தது. ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கத் தீண்டாதார்க்கு உரிமை இல்லாத காலம் அது. ஆசிரமத்திலோ எல்லாக் குலத்தாரும் ஒன்றாகவே உண்டு உறங்கி வேலை செய்தனர். சுற்றுவட்டாரத்தில் பலருக்கு இது பொறுக்கவில்லை. கசப்போடு பார்த்தவர்களோடு ஆசிரமத்தார் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. நூற்கும் கைக்கு வேலையும் நோயுற்றவர்க்கு மருந்தும் சாதி கேளாமல் கொடுத்துவந்தார்கள். புண்ணுக்கு மருந்து வைக்கத் தன் குழந்தையைத் தூக்கி வந்த தாய், தனக்கு முன்னே நிற்பவள் எந்தத் தெருவைச் சேர்ந்தவள் என்று எத்தனை நாள்தான் விசாரித்துக்கொண்டிருப்பாள்? தீண்டாமை இந்நாட்டில் ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அது இன்னும் நம்மைத் தலைகுனியச் செய்கிறது. ஆனால் அந்த வரிசை கூடிய இடத்திலே, அன்றாடம் சில நாழிகையேனும், அதன் பிடி தளர்ந்தது.

மதுவிலக்குப் பிரசாரத்துக்காக 1929-இல் ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்னும் பத்திரிகை வெளிவந்ததும், அதில் எழுத்தாளர் கல்கி உழைத்ததும், ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானபின் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலானதும் பலரும் அறிந்தவை. கள்ளுக்கடைக்குப் போன கூலியால் அடுப்பு எரியாத வீடுகளை நேரில் கண்டவர் சட்டம் செய்யும் நாற்காலியில் அமர்ந்தபோது முதலில் இந்த ஜில்லாவை நினைத்தது இயல்பே.

ஆசிரமம் இன்றும் இயங்குகிறது. திருச்செங்கோட்டு மலையேறி அர்த்தநாரீசுவரரைத் தொழ வரும் அன்பர்கள், இறங்கிய பின் புதுப்பாளையத்துக்கும் ஒருமுறை சென்று, அங்கே ஒரு கதர்த் துண்டாவது வாங்கி வர வேண்டுகிறேன்.