பள்ளி என்னும் சொல் காத்த மரபு

தமிழ் மக்கள் கல்விச்சாலையைப் பள்ளிக்கூடம் என்றே இன்றும் வழங்குகின்றனர். பள்ளி என்பது சமண முனிவர் உறைந்த இடத்திற்கும் வழிபாட்டிடத்திற்கும் முன்னாளில் வழங்கிய பெயராகும். முனிவர் உறையுளில் ஊர்ப்பிள்ளைகள் எழுத்துப் பயின்றதனாலேயே கல்விச்சாலைக்கும் அப்பெயர் வாய்த்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. வழிபாடும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்த காலத்தை அச்சொல் நினைவூட்டுகிறது.

அக்காலத்தின் சுவடுகள் பரமக்குடியைச் சூழ்ந்த நாட்டிலும் உண்டு. 1985ஆம் ஆண்டில் மூன்றாகப் பிரிக்கப்படுவதற்கு முன் இருந்த இராமநாதபுரம் மாவட்டத்தின் எல்லைக்குள் இரண்டு தலங்கள் சிறப்பாகக் கருதத்தக்கவை. பரமக்குடிக்கு மேற்கே, அருப்புக்கோட்டைப் பகுதியில் உள்ளது குறண்டி. கல்வெட்டுகள் இதனை வெண்புநாட்டுக் குறண்டி என்றும், இங்கிருந்த பெரும்பள்ளியைத் திருக்காட்டாம்பள்ளி என்றும் குறிக்கின்றன. வடக்கே, தேவகோட்டைப் பகுதியில் உள்ளது அனுமந்தக்குடி. மழவநாதர் கோயில் என வழங்கும் பார்சுவநாதர் ஆலயம் அங்குள்ளது.

குறண்டிப் பள்ளியின் புகழை அறிய மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிச் சமணர்மலைக்குச் செல்லவேண்டும். அங்குச் செட்டிப்புடவில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, குறண்டி அட்டோபவாசி பட்டாரர், அவர் மாணாக்கர் குணசேனதேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என ஆசிரியர் மாணாக்கர் வரிசையைக் கூறுகிறது. கனகவீரர் அத்திருமேனியைத் தம் பெயரால் அமைக்கவில்லை. குயிற்குடி ஊரார் பெயரால் அமைத்தார். ஊரார் எனும்போது அதில் முதியோர், பெண்டிர், பிள்ளைகள் அனைவரும் அடங்குவர் அன்றோ? அதே மலையில், அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் உள்ளது. துறவு பூண்ட மகனின் அறப்பணி நிகழ்ந்த மலையில் தாயின் பெயரும் நிலைத்தது.

கழுகுமலையில் இம்மரபு மேலும் விரிவாகக் காணப்படுகிறது. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அத்திருமேனிகளைச் செய்வித்தோருள் ஆசிரியரும் மாணாக்கரும் குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும் உளர். தச்சர், குயவர் போன்ற தொழிலாளரும் உளர். மாணாக்கர் என்ற சொல் துறவியரின் சீடரையும் குறிக்குமாதலால், அவர் அனைவரையும் சிறுவர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் கற்பிப்போரும் கற்போரும் இல்லறத்தாரும் ஒரே பாறையின் முன் நின்று தொழுதனர் என்பது தெளிவு. அங்கே அம்பிகை இயக்கி தன் மக்களோடும் சிங்கத்தோடும் காட்சி தருகிறாள். எழுத்தறியாத குழந்தைக்கும் பாறையே பாடநூலாயிற்று.

துறவியர் பள்ளிகள் அருகிய பின்னரும் இல்லங்கள் அப்பணியை விடவில்லை. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிச் சிறுவர் சமய வேறுபாடின்றி மனப்பாடம் செய்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்ற உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமண அன்பர்களை நாடினார். அவர்கள் சிந்தாமணியை முறையாகப் படித்து வருவதையும், படித்து முடித்த நாளை வீட்டில் விழாவாகக் கொண்டாடுவதையும் கண்டு அவர் வியந்தார். அந்நூல் 1887ஆம் ஆண்டில் அச்சேறியது. ஏடு அவர்கள் இல்லங்களில் வழிபாட்டுப் பொருளாக மட்டும் இருந்திருப்பின், அதன் பொருள் அறிந்தோர் எஞ்சியிருக்க மாட்டார்.

குறண்டியில் இன்று பழைய பள்ளி இல்லை. கற்களில் பெயர்கள் உள; அவற்றை ஓதி வளர்ந்த ஆசிரியர் மாணாக்கர் வரிசை அறுந்துபோயிற்று. இக்கடற்கரை நாட்டில் அறம் தளர்ந்ததற்கு அரசியல் மாற்றம், ஆதரவுக் குறைவு எனப் பல காரணங்கள் இருக்கலாம். எனினும் அடுத்த தலைமுறையிடம் சேராத வழிபாடு கல்லில் மட்டுமே எஞ்சும் என்பது குறண்டி கற்பிக்கும் பாடம்.

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் தொழில் நிமித்தம் ஊர்விட்டு நகரங்களில் வாழும் இந்நாளில் இப்பாடம் முதன்மை பெறுகிறது. பெரியோர் பூசையில் அமர்ந்திருக்கப் பிள்ளைகள் வெளியில் காத்திருப்பது முன்னோர் முறை ஆகாது. அட்டவிதார்ச்சனைக்கு நீர், சந்தனம், அட்சதை, மலர், நைவேத்தியம், தீபம், தூபம், கனி என எட்டுப் பொருள்கள் உள. எட்டும் எட்டுச் சிறு கைகளில் இருக்கலாம். பஞ்ச நமஸ்காரத்தைப் பாட்டியார் ஒரு வரி சொல்லப் பேரப்பிள்ளை மறுவரி சொல்லலாம். காளை, யானை, குதிரை, சிங்கம் என இலாஞ்சனங்களைக் காட்டி, இவர் எந்தத் தீர்த்தங்கரர் என்று வினவினால், விடை கூறும் மகிழ்ச்சியிலேயே இருபத்து நால்வர் திருப்பெயரும் நெஞ்சில் பதியும். கற்பிக்கும் பெரியோரும் மறந்ததை மீளக் கற்பர்.

ஆலயம் பள்ளியாகவும் விளங்கிய நாளில் அறம் இந்நாட்டில் தழைத்தது. திருவிழா நாளில் ஒரு குழந்தையின் கையில் ஒரு மலரைக் கொடுத்து, அதன் பொருளையும் எடுத்துரைக்கும் ஒவ்வொரு இல்லமும் ஒரு திருக்காட்டாம்பள்ளியே ஆகும்.