கால் குறைந்த கதை

விரியும் மேசையின் வரலாற்றைப் பலகை நீண்ட கதையாகச் சொல்வதே வழக்கம். கால்கள் குறைந்த கதையாகப் பார்த்தால்தான் அது விளங்கும் என்பேன். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய விருந்து என்றால் பல மேசைகளை ஒட்டிப் போடுவார்கள். ஒவ்வொன்றும் தன் கால்களோடு வரும். உட்காருபவரின் முழங்கால்தான் பாவம். லங்காஸ்டரின் ரிச்சர்ட் கில்லோ 1800இல் பெற்ற காப்புரிமை, கால்களையும் தூண்களையும் குறைப்பதை வெளிப்படையாகவே நோக்கமாகச் சொன்னது. ஒன்றையொட்டி ஒன்று வழுக்கி நகரும் மரச்சட்டங்களை இழுத்து, இடைவெளியில் தனிப் பலகைகளைப் பதிக்கும் முறை அது. நடுவில் விழும் பாரத்தைப் பெருமளவு சட்டங்களே தாங்கின.

16ஆம் நூற்றாண்டிலேயே, அடியிலிருந்து பலகையை உருவும் மேசை கூடுதல் கால் இல்லாமல் நீண்டதே என்று கேட்கலாம். நீண்டது உண்மை. ஆனால் உருவும் பலகைகள் இரண்டும் மேற்பலகைக்கு அடியிலேயே அடங்க வேண்டும் என்பதால் நீளம் இருமடங்கைத் தாண்டாது. இருபது பேர் பந்திக்கு அது போதாது. மேசைகளை விரியும்படி செய்ததற்கு இடச் சிக்கனமே காரணம் என்பாரும் உண்டு. ஆனால் லண்டனின் ராபர்ட் ஜூப் 1835இல் காப்புரிமை பெற்ற வட்டமேசையைப் பாருங்கள்: மேற்பகுதியைச் சுழற்றினால் முக்கோணத் துண்டுகள் எல்லாம் ஒருசேர வெளியே நகரும், இடுக்குகளில் பலகை செருகினால் வட்டம் வட்டமாகவே பெரிதாகும், அடியில் நடுத்தூண் ஒன்றுதான். செருகும் பலகைகளை வைக்கவோ சில மேசைகளுக்குத் தனிப் பெட்டியே செய்தார்கள்!