திருமலைக் கல்வெட்டும் டிஸ்ப்ளேஸ் ஃபில்டரும்

போட்டோஷாப்பில் டிஸ்டார்ட் மெனுவுக்குள் டிஸ்ப்ளேஸ் என்று ஒரு ஃபில்டர் உண்டு. பலரும் அதை ஒருமுறை அமுக்கி, அது வேறொரு ஃபைல் கேட்டதும் கேன்சல் செய்திருப்பீர்கள் :-)

அது கேட்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் சாம்பல் அளவு 128 உள்ள இடத்தில் நம் படம் அசையாது. கறுப்பு கூடினால் ஒரு பக்கம் நகரும், வெள்ளை கூடினால் எதிர்ப்பக்கம். 0, 255 இரண்டும் கடைசி எல்லை. மாறி மாறி வரும் கிரேடியன்ட் பட்டைகளைக் கொடுத்தால், நேராக எழுதிய வரி கொடித்துணி போல அலையும். கல் சுவரின் படத்தையே கொடுத்தால், எழுத்து கல்லின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளையும். அதாவது, நிறத்தை மேடு பள்ளமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டு, மேடு பள்ளத்தை நிறமாக்கும் வேலை கம்ப்யூட்டருக்கு முன்பே எங்கள் ஊர்ப் பக்கம் நடந்தது. (நான் சித்தூர்க்காரன். 2022ல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. என் நாக்குக்கு இன்னும் எல்லாம் சித்தூர் ஜில்லாதான்.) அதற்குப் பெயர் மைப்படி. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, கெட்டி பிரஷ்ஷால் அடிப்பார்கள். அடிக்க அடிக்கத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு மை தோய்த்த துணிப்பந்தால் மேலே ஒற்றுவார்கள். மேடு கறுப்பாகும், பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். காய்ந்ததும் உரித்தால் கறுப்பில் வெள்ளை எழுத்து. தேய்ந்த கல்லில் மை கொஞ்சம் அதிகமானால் எழுத்தே மூழ்கிவிடும், அது கைப்பழக்கம்.

திருமலை திருப்பதிக் கல்வெட்டுகளை இப்படிப் படியெடுத்துப் படித்தவர்களில் முக்கியமானவர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி. அவருடைய அறிக்கை 1930ல் வந்தது. தேவஸ்தானக் கல்வெட்டுத் தொகுதிகள் ஆறும் 1930களிலேயே வெளிவந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள், பெரும்பாலானவை தமிழ். விஜயநகர ராயர்கள் காலத்திலும் தமிழ்தான் அதிகம். ஆனால் கிருஷ்ணதேவராயர் 1513ல் முதன்முறை மலையேறிக் கொடுத்த காணிக்கைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வெட்டி வைத்தார்கள். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்ந்த எனக்கு அந்தச் சுவர் ரொம்பப் பிடிக்கும்.

இதையெல்லாம் எழுத வைத்தது ஒரு வாட்ஸப் படம். மஸ்கட்டில் ஒரு வியாழன் இரவு பெரியப்பா வீட்டு அண்ணன் அனுப்பினார். 'திருமலையில் மறைக்கப்பட்ட பல்லவர் காலத் தமிழ்க் கல்வெட்டு, பகிரவும்' என்று தலைப்பு. என் மகள் அதைப் பள்ளி ப்ராஜெக்டில் போடப் போனாள். கோவிலுக்குள் மொபைலுக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை என்பதால், அசலோடு ஒப்பிடுவதும் நம்மால் ஆகாது. இங்கே வளரும் பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் என்றால் படம் மட்டும்தான்.

பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து கல்லின் மேட்டில் அழகாக வளைகிறது, ஆனால் கல்லைக் குடையவில்லை. விளிம்பில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. எல்லா 'ன'வும் அச்சாக ஒன்றுபோல். வங்கியில் இரண்டு கையெழுத்து மயிரிழை பிசகாமல் ஒத்திருந்தால்தான் எங்களுக்குச் சந்தேகமே வரும்! உளி பிடித்த கையும் கைதானே?

அடுத்தது எழுத்து. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. படத்தில் எல்லாப் புள்ளியும் இருந்தது. ஏகாரத்துக்கு இரட்டைக் கொம்பு, அது 18ஆம் நூற்றாண்டு வீரமாமுனிவர் பெயரோடு சேர்ந்தது. உச்சக்கட்டம், 'னை' இன்றைய வடிவில். ஐம்பது தாண்டியவர்களுக்குத் தும்பிக்கை போட்ட பழைய 'னை' நினைவிருக்கும். 1978ல் தமிழக அரசு மாற்றியது அது. பல்லவர் கல்லில் எம்.ஜி.ஆர். காலத்து எழுத்து!

அண்ணனிடம் சொன்னேன். "தமிழுக்கு நல்லதுதானே, விடுப்பா" என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நூற்றுக்கணக்கில் உண்மையான தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கும் மலைக்குப் பொய்க் கல்வெட்டு எதற்கு? ஒன்று பிடிபட்டால் மிச்சத்தையும் சேர்த்தே சந்தேகிப்பார்கள்.

இன்று மைகூட வேண்டாம். ஒரே கல்லைப் பல திசையிலிருந்து வெளிச்சம் அடித்துப் படமெடுத்து, அழிந்த எழுத்தை மீட்கும் முறையை ஹெச்.பி. ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் 2001ல் வெளியிட்டார். பெங்களூரில் மிதிக் சொசைட்டி அந்த ஊர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வருகிறது. திருமலைக்கும் அப்படி ஒன்று செய்தால் நன்றாக இருக்கும்.

தேவஸ்தானத் தொகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மகள் ராயர் காலத்து மூன்றாம் தொகுதியிலிருந்து ஒரு பக்கம் எடுத்துக்கொண்டாள். தெலுங்குப் பகுதியைச் சித்தூரிலிருந்து பாட்டி வீடியோ காலில் படித்துக் காட்டினார்.