ஒரு பெட்ரோல் டேப்பும் 14,371 மைலும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, பேரையூர்ல இருந்து டி.கல்லுப்பட்டிக்குக் கிளம்பினேன். அப்பாவோட பழைய பைக். ஒரு கிலோமீட்டர் போயிருக்காது, நின்னுடுச்சு. பிளக்கைக் கழற்றித் துடைச்சேன், உதைச்சு உதைச்சு கால் வலிச்சதுதான் மிச்சம். ஆடு மேய்ச்சிட்டிருந்த ஒரு தாத்தா வந்து குனிஞ்சு பார்த்துட்டு, "பெட்ரோல் டேப்பு மூடியிருக்கேப்பா" என்றார். பி.இ. படிச்சவன் நான்.

1907ல ஒரு ரோல்ஸ் ராய்ஸும் இதே காரணத்துக்காக நின்னிருக்கு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

அந்தக் காலத்தில் ஆறு சிலிண்டர் இன்ஜின் புது ஃபேஷன். ஓட்டத்தில் சுகம் அதிகம், ஆனா கிராங்க் ஷாஃப்ட் உடையும். ஏன்னா ஷாஃப்ட் நீளம். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் அது ஈரத்துணியைப் பிழியற மாதிரி லேசா முறுகி, திரும்ப நிமிரும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினா ஆட்டம் ஏறிக்கிட்டே போகும் இல்லையா, அதே மாதிரி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இந்த முறுக்கல் ஏறி ஏறி இரும்பே விட்டுக்கொடுத்துடும். ஹென்றி ராய்ஸ் முதலில் செய்த 30 குதிரைத்திறன் காரும் இதில் அடி வாங்கியது. அதில் ரெண்டு ரெண்டா மூணு பிளாக்.

அவர் பேட்ச் போடலை. மொத்தமா ரீரைட். மூணு மூணா ரெண்டு பிளாக், ஒரு பாதிக்கு மறுபாதி கண்ணாடி பிம்பம் மாதிரி. ஷாஃப்டைத் தடிமனாக்கி, ஏழு பேரிங்கில் உட்கார வச்சு, ஆயிலை அழுத்தத்தோடு உள்ளே அனுப்பினார். 7,036 சி.சி. இன்ஜின். 1906 நவம்பரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வெளியே வந்த 40/50 இதுதான்.

நல்ல டிசைன் சரி, யார் நம்புவா? இங்கேதான் கம்பெனியின் நிர்வாகி கிளாட் ஜான்சன் வர்றார். ஒரு காருக்கு வெள்ளி நிறம் பூசி, 'சில்வர் கோஸ்ட்'னு பேர் வச்சு, ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கண்காணிப்பில் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். இலக்கு 15,000 மைல். நம்ம பாஷையில், டெவலப்பரே டெஸ்ட் பண்ணி 'பாஸ்'னு போட்டுக்கலை, வெளியாள் பக்கத்தில் உட்கார்ந்து குறிச்சுக்கிட்டார். விளம்பரம்தான், மறுக்கலை. ஆனா தோத்தா அதுவும் ஊருக்கே தெரிஞ்சிருக்கும்.

629வது மைலில் கார் நின்னது. அதிர்வில் பெட்ரோல் டேப் தானா மூடிக்கிச்சு. திறக்க ஒரு நிமிஷம். கணக்கில் அதுவும் ஏறிச்சு. அதுக்கப்புறம் 14,371 மைல், கோளாறுன்னு ஒரு தடவைகூட நிக்கலை. டயர் கணக்கு தனி, அந்தக் காலத்து டயரை யாரும் குறை சொல்ல மாட்டாங்க. மதுரையிலிருந்து சென்னைக்கு 25 தடவை போய்த் திரும்புற தூரம் அது.

எனக்குப் பிடிச்ச பகுதி இதுக்கு அப்புறம்தான். ஓடி முடிச்ச காரை ஷோரூமுக்கு அனுப்பலை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, தேய்மானத்தை அளந்தாங்க. திரும்பப் புதுசாக்க ஆன உதிரிபாகச் செலவு 2 பவுண்ட் 2 ஷில்லிங் 7 பென்ஸ். நாங்க ரிலீஸ் பண்ணதும் பார்ட்டிக்குப் போயிடுவோம். ஓடி முடிச்ச சிஸ்டத்தைத் திறந்து எது தேய்ஞ்சிருக்குன்னு யாரும் பார்க்கிறதில்லை.

பிரிட்டன் ரோடு வேற, நம்ம மலை வேறன்னு கேட்பீங்க. 1908ல அந்தக் கேள்விக்கும் பதில் வந்தது. 'பேர்ல் ஆஃப் தி ஈஸ்ட்'னு பேர் வச்ச இன்னொரு சில்வர் கோஸ்ட் பம்பாய்–கோலாப்பூர் பந்தயத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள் ஏறி இறங்கி 620 மைல் ஓடி ஜெயிச்சது. குவாலியர் மகாராஜா அதை வாங்கிட்டார். அவரைப் பார்த்து மத்த சமஸ்தானங்களும் வரிசை கட்டினாங்க.

அப்பாகிட்ட இந்த 629வது மைல் கதையைச் சொன்னேன். "அவங்களுக்கு ஒரு நிமிஷம், உனக்கு எவ்வளவு நேரம்?"னு கேட்டார். முக்கால் மணி நேரம்.